ஒரே ஆளுக்கு இரண்டு நாற்காலி: மெல்போர்ன் கேலரிப் பள்ளியின் கதை

கேட்டிருந்த கேள்வி இது: "மெல்போர்னில் அரசு ஓவியக்கூடத்துக்குள்ளேயே ஒரு ஓவியப் பள்ளி நடந்ததாமே. ஆஸ்திரேலியாவின் பெரிய ஓவியர்கள் பாதிப்பேர் அங்கே படித்தவர்கள் என்கிறார்கள். அங்கே சொல்லிக்கொடுத்தது படுமோசம் என்றும் படித்தேன். எது உண்மை? அந்தப் பள்ளி இப்போது எங்கே?"

இரண்டுமே உண்மை. டாம் ராபர்ட்ஸ், ஃபிரெடரிக் மக்கபின், ஆர்தர் ஸ்ட்ரீட்டன் தொடங்கி சிட்னி நோலன், ஜான் பிராக், ஃபிரெட் வில்லியம்ஸ் வரை அங்கே உட்கார்ந்து வரைந்தவர்கள்தான். அதே பள்ளியில் பல பத்தாண்டுகள் பாடம் நடந்த விதத்தைக் கேட்டால் இன்றைய ஓவிய ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொள்வார். இந்த முரண்பாட்டுக்குக் காரணம் ஒரு நிர்வாக ஏற்பாடு என்பது என் கணிப்பு. கேலரியைப் பார்த்துக்கொள்பவரும் ஓவியப் பள்ளியின் தலைமை ஆசிரியரும் ஒரே ஆள். 1870 முதல் 1935 வரை, இடையில் சிறு இடைவெளிகள் தவிர, இப்படித்தான் ஓடியது. பள்ளிக்கு வந்த நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அந்த இரட்டை நாற்காலியிலிருந்து வந்தவை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மெல்போர்ன் 1835-ல் ஒரு குடியிருப்பாகத் தொடங்கிய ஊர். 1851-ல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் பணம் கொட்டியது. அந்தப் பணத்தில் நூலகம், பல்கலைக்கழகம், அருங்காட்சியகம் எல்லாம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் நீதிபதி ரெட்மண்ட் பாரி. ஸ்வான்ஸ்டன் தெருவில் இருந்த பொது நூலகக் கட்டடத்திலேயே 1861 மே மாதம் ஒரு கலைக்கூடத்தைத் திறந்தார்கள். அப்போது உள்ளே இருந்தவை கிரேக்க, ரோமானியச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகள். அசல் ஓவியங்கள் அப்புறம்தான் வந்தன. லண்டன் நேஷனல் கேலரியின் டைரக்டராக இருந்த சர் சார்லஸ் ஈஸ்ட்லேக்கிடம் அரசுப் பணத்தைக் கொடுத்து, அவர் தேர்ந்தெடுத்த படங்களைக் கப்பலில் வரவழைத்தார்கள். விக்டோரியா தேசிய ஓவியக்கூடத்தின் தொடக்கம் அது. நூலகம், அருங்காட்சியகம், கேலரி மூன்றும் ஒரே கட்டடத் தொகுதியில், ஒரே அறங்காவலர் குழுவின் கீழ் இருந்தன. நூலகமும் அதே வளாகத்தில் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பள்ளிக்கு 1867-ஐத்தான் பிறந்த ஆண்டாகச் சொல்வார்கள். அது முழு உருவம் பெற்றது 1870-ல். அப்போது இரண்டு பிரிவுகள் ஆயின: கீழே டிசைன் பள்ளி, அதாவது கோட்டோவியப் பிரிவு, மேலே ஓவியப் பள்ளி, அதாவது வண்ணம் தொடும் பிரிவு. கீழ்ப்பிரிவில் தேறினால்தான் மேலே போக முடியும். டிசைன் பள்ளிக்கு இங்கிலாந்திலிருந்து வந்திருந்த தாமஸ் கிளார்க் ஆசிரியர். ஓவியப் பள்ளிக்கும், கூடவே கேலரியின் காப்பாளர் பொறுப்புக்கும் யூஜின் வான் கெரார்ட்.

வான் கெரார்ட் சாதாரண ஆள் இல்லை. வியன்னாவில் 1811-ல் பிறந்து, ஜெர்மனியில் டுசெல்டார்ஃபில் பயின்று, தங்கம் தேடி பல்லாரட் பக்கம் வந்து, தங்கத்தைவிட மலைகளிலும் ஏரிகளிலும் மனம் போனவர். ஒவ்வொரு இலையும் பாறை மடிப்பும் தெரியும்படி அவர் வரைந்த நிலக்காட்சிகளை இன்று அறிவியல் ஆவணமாகக்கூடப் பார்க்கிறார்கள். ஆனால் பள்ளியில் அவர் கண்ட முறை நகலெடுப்பு. கேலரிச் சுவரில் தொங்கும் படத்துக்கு எதிரே ஈசலை, அதாவது கேன்வாஸ் தாங்கியைப் போடு, அந்தப் படத்தை அப்படியே கேன்வாஸில் இறக்கு. ஒன்று முடிந்தால் அடுத்தது.

நகலெடுப்பு அடியோடு வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஐரோப்பாவில் எல்லோரும் செய்ததுதான். ஆனால் பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நகலெடுப்பவனுக்கு முன்னால் டிஷியன் இருப்பார், ரெம்பிராண்ட் இருப்பார். 1870-களின் மெல்போர்னில் இருந்தது ஈஸ்ட்லேக் காலத்து இங்கிலாந்தில் விலைபோன கதைப்படங்களும் நிலக்காட்சிகளும். சுவரில் இருப்பதுதான் பாடப்புத்தகம் என்றால், புத்தகத்தை வாங்கிய அறங்காவலர்களின் ரசனைதான் பாடத்திட்டம் ஆகிவிடும். கேலரிக்குள் பள்ளி இருப்பதன் பெரிய வசதியும் பெரிய தொல்லையும் இந்த ஒன்றுதான்.

இருந்தும் அந்த முதல் தலைமுறை எப்படி வளர்ந்தது? மக்கபின் 1872 வாக்கில் சேர்ந்தார். மேற்கு மெல்போர்னில் ரொட்டிக்கடை வைத்திருந்தவரின் மகன். ரொட்டி வண்டி ஓட்டியிருக்கிறார், வக்கீல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்திருக்கிறார், கோச் வண்டிகளுக்கு வண்ணம் பூசும் வேலை கற்றிருக்கிறார். டாம் ராபர்ட்ஸ் பகலில் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்துக்கொண்டு வகுப்புக்கு வந்தவர். சிகரெட்டும் சுருட்டும் விற்ற குடும்பத்துப் பையன் லூயி ஆபிரகாம்ஸும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். உழைத்துச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகள் மாலையில் ஒரே அறையில் கூடி வரைய ஒரு இடம் கிடைத்தது. அவர்கள் கற்றதில் கணிசமான பங்கு ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றது. ராபர்ட்ஸ் 1881-ல் லண்டன் போய் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தார். 1885-ல் திரும்பியதும் பழைய வகுப்புத் தோழர்கள் மக்கபினையும் ஆபிரகாம்ஸையும் கூட்டிக்கொண்டு பாக்ஸ் ஹில் காட்டில் கூடாரம் போட்டு வெளிவெளிச்சத்தில் வரையத் தொடங்கினார். ஆஸ்திரேலிய ஓவிய வரலாற்றில் ஹைடல்பர்க் குழு என்று சொல்கிறார்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது. அந்த நட்பு உருவான இடம் கேலரிப் பள்ளி.

ஸ்ட்ரீட்டன் அந்தப் பள்ளியின் மாலை வகுப்பில் 1882 முதல் சில ஆண்டுகள் கோட்டோவியம் பயின்றவர். நிலக்காட்சி வரைய அவருக்கு யாரும் அங்கே சொல்லித்தரவில்லை. மென்டோன் கடற்கரைப் பாறையில் தனியாக நின்று வரைந்துகொண்டிருந்த அந்தப் பையனை ராபர்ட்ஸ் பார்த்துத் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். 1889 ஆகஸ்டில் இவர்கள் நடத்திய '9 பை 5' கண்காட்சி பிரசித்தம். 9 அங்குலம் நீளம், 5 அங்குலம் அகலமுள்ள சுருட்டுப்பெட்டி மூடிகளில் பல படங்கள். பலகை வந்தது ஆபிரகாம்ஸ் வீட்டுத் தொழிலில் இருந்து. 'ஆர்கஸ்' நாளிதழில் ஜேம்ஸ் ஸ்மித் கிழித்துத் தொங்கவிட்டார். இவர்கள் அந்த விமர்சனத்தையே வெட்டி வாசலில் ஒட்டி வைத்து, இன்னும் கூட்டம் சேர்த்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஸ்மித் கேலரியின் அறங்காவலர் குழுவிலும் ஒருவர்.

கொஞ்சம் முந்திவிட்டேன். நடுவில் ஜார்ஜ் ஃபாலிங்ஸ்பி வந்தார். வான் கெரார்ட் 1881-ல் விலகியபின், 1882-ல் ஓவியப் பள்ளி இவர் கைக்கு வந்தது. பின்னர் கேலரி டைரக்டர் பொறுப்பும் சேர்ந்தது. அயர்லாந்துக்காரர், மியூனிக்கில் பயிற்சி பெற்றவர். வந்த கையோடு நகலெடுப்பை ஒதுக்கிவிட்டு, உயிருள்ள மாடலை உட்காரவைத்து மனித உருவம் வரையச் சொன்னார். மாணவர்களுக்கு அது மழை மாதிரி இருந்திருக்க வேண்டும்.

அந்த ஊரின் மனநிலையையும் சொல்ல வேண்டும். 1883-ல், தாமஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அறுவை மருத்துவர் தான் வாங்கியிருந்த 'க்ளோயி' என்ற பிரெஞ்சுப் படத்தைக் கேலரிக்கு இரவல் கொடுத்தார். ஆடையில்லாத ஒரு பெண் ஆற்றோரம் நிற்கும் படம். ஞாயிற்றுக்கிழமை கேலரியைத் திறந்து இதையா காட்டுகிறீர்கள் என்று ஊரில் பெரிய சண்டை. சில வாரங்களில் படத்தை எடுத்துவிட்டார்கள். பின்னர் அது ஃப்ளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மதுக்கடைக்குப் போய், நூறாண்டுக்கும் மேலாக அங்கேயே தொங்குகிறது. கேலரிச் சுவருக்கு ஆகாதது மதுக்கடைச் சுவருக்கு ஆகிவிட்டது. இப்படிப்பட்ட ஊரில் மாடலை வைத்து வகுப்பு நடத்துவது லேசான காரியம் இல்லை.

ஃபாலிங்ஸ்பி கொடுத்த மியூனிக் பாணிக்கு ஒரு விலையும் இருந்தது. அடியில் தவிட்டு நிறம், இருட்டான பின்னணி, நடுவில் ஒளி விழும் முகம், ஒரு கதை. சூரியன் சுட்டெரிக்கும் நாட்டில் இருந்துகொண்டு பிள்ளைகள் மியூனிக் குளிர்கால அறையின் வெளிச்சத்தில் வரைந்தார்கள். பாக்ஸ் ஹில் கூடாரம் இதற்கும் சேர்த்துத்தான் ஒரு பதில்.

ஆனால் அந்தப் பாணியின் உச்சம் எது என்று பார்த்தால் மறுக்க முடியாத ஒரு படம் இருக்கிறது. கேலரி 1887-ல் ஒரு வெளிநாட்டு உதவித்தொகையை அறிவித்தது: போட்டியில் வெல்லும் மாணவருக்கு ஆண்டுக்கு 150 பவுண்டு, மூன்று ஆண்டுகள், ஐரோப்பாவில் படிக்க. முதலில் வென்றவர் ஜான் லாங்ஸ்டாஃப். படத்தின் பெயர் 'செய்தி சொல்லுதல்'. சுரங்கத் தொழிலாளியின் வீடு. கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண். வயதான சுரங்கத் தொழிலாளி ஒருவர் அவளிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. திறந்த கதவுக்கு வெளியே ஆட்கள் எதையோ தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 1882-ல் கிரெஸ்விக் பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 22 பேர் இறந்திருந்தார்கள். லாங்ஸ்டாஃப் பிறந்த க்ளூன்ஸ் ஊரும் அந்தப் பகுதிதான். படம் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தவிட்டு நிறமும் ஒற்றை வெளிச்சமும் இந்தக் கதைக்கு அச்சாகப் பொருந்தியிருக்கின்றன. பள்ளி கற்றுக்கொடுத்ததை வைத்தே பள்ளிக்கு மேலே போய்விட்ட படம் என்று சொல்லலாம்.

அந்த உதவித்தொகைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு போகும் மாணவர் பழைய மேதைகளின் படத்தை நகலெடுத்தும், சொந்தமாக ஒரு பெரிய படம் வரைந்தும் மெல்போர்ன் கேலரிக்கு அனுப்ப வேண்டும். லாங்ஸ்டாஃபின் 'சைரன்கள்' அப்படி வந்து சேர்ந்தது. அடுத்து வென்ற ஏபி ஆல்ட்சனின் 'பொற்காலம்' அப்படி வந்தது. ஆக, மாணவருக்குப் பயணம், கேலரிக்குச் சரக்கு. பள்ளியையும் கேலரியையும் ஒரே ஆள் நிர்வகித்தால்தான் இப்படி ஒரு திட்டம் தோன்றும். இரட்டை நாற்காலியின் நல்ல விளைவுகளில் இதை வைப்பேன்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் போட்டி. தோற்றவன் கதி? 1899-ல் மேக்ஸ் மெல்ட்ரம் வென்றார், ஹ்யூ ராம்சே இரண்டாவது. ராம்சேதான் அந்தத் தலைமுறையின் மிகத் திறமையான கை என்று பின்னர் வந்த பலரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உதவித்தொகை இல்லாமலே பாரிஸ் போனார். குளிரான ஸ்டுடியோவில் வறுமையில் கிடந்து வரைந்தார். 1902-ல் பாரிஸின் புதிய சலோன் கண்காட்சியில் அவருடைய நான்கு படங்களை ஏற்றுக்கொண்டு மாட்டினார்கள். வெளிநாட்டு இளைஞனுக்கு அது பெரிய மரியாதை. அதற்குள் காசநோய் பிடித்துவிட்டது. ஊர் திரும்பி 1906-ல், 28 வயதில் இறந்துபோனார். அந்த 150 பவுண்டு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மெல்போர்ன் ஓவிய வட்டாரத்தில் பேசாதவர்கள் குறைவு. நோய்க்கு உதவித்தொகை மருந்து ஆகியிருக்காது. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பள்ளியின் கதையைச் சொல்கிறவர்கள் ஹைடல்பர்க் ஆண்களோடு நிறுத்திவிடுகிறார்கள். தொடக்கம் முதலே பெண்களுக்கு இடம் இருந்தது. நூற்றாண்டு திரும்பும் சமயத்தில் வகுப்பில் அவர்கள்தான் அதிகம். ஜேன் சதர்லேண்ட் 1871 முதல் 1886 வரை அங்கே பயின்றார். பாக்ஸ் ஹில் கூடாரத்தில் இரவு தங்குவது ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு ஆகாது. அவர் பகல் ரயிலில் போய் வரைந்துவிட்டு மாலையில் திரும்புவார். கிளாரா சதர்ன், மே வேல், பின்னாளில் மார்கரெட் பிரெஸ்டன் என்று புகழ்பெற்ற ரோஸ் மக்ஃபெர்சன், ஹில்டா ரிக்ஸ் எல்லாம் இந்த வகுப்பறைகளில் இருந்து வந்தவர்கள். வகுப்பில் பெண்கள் நிறைந்திருந்தும், வெளிநாட்டு உதவித்தொகை முதன்முறையாக ஒரு பெண்ணுக்குப் போனது 1908-ல்தான்: கான்ஸ்டன்ஸ் ஜென்கின்ஸ், 'நட்பான விமர்சகர்கள்' என்ற படத்துக்காக. போட்டி தொடங்கி 21 ஆண்டுகள் கழித்து.

சரி, ஃபாலிங்ஸ்பிக்கு அடுத்து வந்த பெர்னார்ட் ஹால் காலத்துக்கு வருவோம். ஃபாலிங்ஸ்பி 1891 தொடக்கத்தில் இறந்தார். கோட்டோவியப் பிரிவுக்கு 1886 முதல் ஆசிரியராக இருந்த மக்கபின்தான் தற்காலிகமாகப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். நிரந்தரமாக அவருக்கே கொடுத்திருக்கலாம். ஆனால் இங்கிலாந்திலிருந்து ஒருவரை வரவழைத்தால்தான் கௌரவம் என்று நினைத்த காலம். லிவர்பூல் பக்கம் பிறந்து, லண்டன் சவுத் கென்சிங்டன், ஆன்ட்வெர்ப், மியூனிக் என்று பயின்ற லிண்ட்சே பெர்னார்ட் ஹால் 1892-ல் வந்து சேர்ந்தார். வந்தவர் 1935-ல் இறக்கும்வரை நாற்காலியை விடவில்லை. 43 ஆண்டுகள்! டைரக்டரும் அவரே, ஓவியப் பள்ளித் தலைவரும் அவரே.

ஹால் வகுப்பில் என்ன நடந்தது? கீழே மக்கபினிடம் பிளாஸ்டர் வார்ப்புகளில் தொடக்கம். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும். வெள்ளைத் தலை ஒன்று எதிரே இருக்கும். கரித்துண்டால் நிழலை ஏற்றி ஏற்றி, தப்பானால் ரொட்டியின் மெதுபாகத்தை உருட்டி அதால் துடைத்து, திரும்ப ஏற்ற வேண்டும். அன்றைக்குக் கரியோவியத்துக்கு ரொட்டிதான் ரப்பர். ஒரு தலைக்கு வாரக்கணக்கில் ஆகும். அதில் தேறி மேலே போனால் ஹாலிடம் தைலவண்ணம்: முகம், ஜாடிகளும் துணியும் வைத்த அசையாப் பொருள்கள், முழு உருவம். நிறத்தைவிட நிழல்-வெளிச்சத்தின் படிநிலை முக்கியம். எதிரே இருப்பதை இருக்கிறபடி பார், அலங்காரம் வேண்டாம், அவசரம் வேண்டாம்.

இந்தக் கண்டிப்பான பயிற்சியைச் சும்மா பழிக்க எனக்கு மனமில்லை. அதில் தேறியவர்களுக்குக் கை சொன்னபடி கேட்டது. 1921-ல் தொடங்கிய ஆர்ச்சிபால்ட் உருவப்படப் பரிசின் பட்டியலைப் பாருங்கள். மக்கபினுக்குப் பின் கோட்டோவிய ஆசிரியராக வந்த டபிள்யூ.பி. மக்கின்னஸ் 7 முறை, பழைய மாணவர் லாங்ஸ்டாஃப் 5 முறை, 1946-ல் பள்ளித் தலைவரான வில்லியம் டார்கி 8 முறை. 1956 வரை இந்தப் பள்ளியோடு தொடர்புள்ள மூன்றே பேர் 20 முறை வாங்கியிருக்கிறார்கள். அதிகாரிகள், நீதிபதிகள், தளபதிகள் முகத்தை நிழல்-வெளிச்சத்தில் நிறுத்த இவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

குறை என்னவென்றால், உலகம் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. செசான், மட்டிஸ், பிக்காசோ போன்ற நவீன ஓவியர்கள் எல்லாம் மெல்போர்னுக்குச் செய்தியாகவும் மங்கலான அச்சுப்படமாகவும்தான் வந்தார்கள். கேலரியில் ஒன்றிரண்டு அசல் இருந்திருந்தால் மாணவர்கள் தாங்களாகவே பார்த்துப் பழகியிருப்பார்கள். பணம் இல்லாமலும் இல்லை. மருந்து வியாபாரி ஆல்ஃபிரட் ஃபெல்டன் 1904-ல் இறந்தபோது தன் சொத்து வருமானத்தில் பாதியைக் கேலரிக்குப் படம் வாங்க எழுதிவைத்துவிட்டுப் போனார். மொத்தச் சொத்து 3,83,000 பவுண்டுக்கு மேல். அந்தக் காலத்தில் உலகின் பெரிய கேலரிகளே பொறாமைப்பட்ட தொகை. நியாயமாகச் சொல்லவேண்டும்: 1905-ல் ஐரோப்பா போன ஹால் அந்தப் பணத்தில் நவீன ஓவியர் பிசாரோவின் பாரிஸ் தெருக்காட்சி ஒன்றை வாங்கிவந்தார். இன்றும் கேலரியின் பெருமைகளில் ஒன்று. அந்த வழியில் தொடர்ந்து போயிருந்தால் கதையே வேறு. போகவில்லை. எது வாங்கத் தகுந்தது என்று தீர்மானித்த கண்ணே எது வரையத் தகுந்தது என்றும் தீர்மானித்தது. மாணவனுக்கு வகுப்பில் கிடைக்காதது சுவரிலும் கிடைக்காது.

மக்கபின் இதில் விதிவிலக்கு. சக ஓவியர்கள் வைத்த செல்லப் பெயரே 'புரொஃபசர்'. 1917-ல் இறக்கும்வரை 31 ஆண்டுகள் கீழ்ப்பிரிவில் ஆரம்ப மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். ஐம்பதைத் தாண்டும்வரை ஐரோப்பாவையே பார்த்ததில்லை. 1907-ல் ஒரே ஒருமுறை போய் டர்னரின் படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர், அதன்பின் தன் பாணியையே தளர்த்திக்கொண்டார். கடைசிக்காலப் படங்களில் பொருள்களின் விளிம்பே கரைந்து ஒளிதான் நிற்கும். 50 வயதுக்குமேல் மாறும் ஆசிரியர் கிடைப்பது அபூர்வம்.

கிளாரிஸ் பெக்கெட் அவரிடம் மூன்று ஆண்டு கோட்டோவியம் பயின்றார். அடுத்து மேலே ஹாலிடம் போயிருக்க வேண்டும். போகாமல், கேலரிக்கு வெளியே சொந்தப் பள்ளி நடத்திய மெல்ட்ரமிடம் போனார். 1899-ல் ராம்சேயைத் தோற்கடித்த அதே மெல்ட்ரம்தான். பெக்கெட் மூடுபனியில் கரையும் கடற்கரைச் சாலைகளையும் மின்கம்பங்களையும் வரைந்து, 1935-ல் இறந்து, முழுசாக மறக்கப்பட்டார். 1970 வாக்கில் ரோசலிண்ட் ஹாலின்ரேக் என்பவர் தேடிப்போனபோது, கிராமத்தில் பக்கச்சுவர் இல்லாத ஒரு கொட்டகையில் ஏறத்தாழ 2,000 படங்கள் மழையிலும் எலியிலும் அழிந்துகொண்டிருந்தன. தேறியவை நானூறுக்கும் குறைவு. இன்று அவற்றுக்கு ஆஸ்திரேலியாவின் பெரிய கேலரிகள் போட்டி போடுகின்றன.

ஹால் மறைந்தபின்தான் இரட்டை நாற்காலியைப் பிரித்தார்கள். 1936-ல் ஜே.எஸ். மக்டொனால்ட் டைரக்டர் ஆனார், பள்ளி மக்கின்னஸ் கையில் இருந்தது. பிரித்ததால் உடனே காற்று மாறவில்லை. 1939-ல் 'ஹெரால்ட்' பத்திரிகை பிரெஞ்சு, பிரிட்டிஷ் நவீன ஓவியங்களைக் கப்பலில் கொண்டுவந்து கண்காட்சி வைத்தது. வான் கோ, கோகன், செசான், மட்டிஸ், பிக்காசோ அசல்கள் முதன்முறையாக அவ்வளவு எண்ணிக்கையில். அது கேலரியில் நடக்கவில்லை, டவுன் ஹாலில் நடந்தது. சீரழிந்தவர்களின் வேலை என்ற தொனியில் மக்டொனால்ட் அறங்காவலர்களுக்கு எழுதினார். போர் மூண்டதால் அந்தப் படங்கள் பல காலம் ஆஸ்திரேலியாவிலேயே மாட்டிக்கொண்டன, விற்பனைக்கும் இருந்தன. மெல்போர்ன் கேலரி வாங்கியது சொற்பம். வாங்கியதில் வான் கோ என்று நம்பிய ஒரு 'மனிதத் தலை'யும் இருந்தது. அது வான் கோவுடையது அல்ல என்று 2007-ல் கேலரியே ஒப்புக்கொண்டது. வாங்காமல் விட்டதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மாணவர்கள் என்ன செய்தார்கள்? நோலன் கதைதான் எனக்குப் பிடித்தது. தொப்பிக் கம்பெனியில் விளம்பர வேலை பார்த்துக்கொண்டு 1934 முதல் மாலை வகுப்புக்குச் சேர்ந்தார். வகுப்பில் இருந்த நேரத்தைவிட அதே வளாகத்து நூலகத்தில் இருந்த நேரம் அதிகம். பிரெஞ்சுக் கவிஞர் ரிம்போவும் நவீன ஓவியமும் அவருக்குக் கிடைத்தது அங்கேதான். பின்னாளில் அவருக்கு உலகப்புகழ் கொடுத்தது நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரனைக் கறுப்புச் சதுரத் தலைக்கவசத்தோடு வரைந்த 1946-47 வரிசை. அந்த கெல்லிக்கு 1880-ல் தூக்குத்தண்டனை விதித்த நீதிபதி வேறு யாருமில்லை, இந்த நூலகத்தையும் கேலரியையும் எழுப்பிய ரெட்மண்ட் பாரிதான். கெல்லியைத் தூக்கிலிட்ட 12-வது நாள் பாரியும் இறந்துபோனார். கெல்லியின் கவசம் இப்போது அந்த நூலகக் கட்டடத்திலேயே காட்சிக்கு இருக்கிறது. கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் நம்பமாட்டோம்.

ஜான் பிராக்கின் பாதை இன்னும் நேரடியானது. 1938-ல் மாலை வகுப்பு, போருக்குப்பின் முழுநேர மாணவர், அப்புறம் அதே கேலரியில் படங்களுக்குச் சட்டம் போடும் உதவியாளர், பின்பு பத்தாண்டு பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர், 1962-ல் கேலரிப் பள்ளியின் தலைவர். அலுவலகம் விட்டு ஒரே திசையில் நடக்கும் முகங்களை அவர் 'காலின்ஸ் தெரு, மாலை 5 மணி'யில் 1955-லேயே வரைந்துவிட்டார். தலைவரானதும் பள்ளியின் போக்கைத் தளர்த்தி, மாணவர்களை அவரவர் வழியில் விட்டார். 1968 வரை இருந்தார்.

அதே 1968-ல் கேலரி ஸ்வான்ஸ்டன் தெருவை விட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம், செயின்ட் கில்டா சாலையில் ராய் கிரவுண்ட்ஸ் கட்டிய புதிய கட்டடத்துக்குப் போனது. 1972-ல் விக்டோரியன் காலேஜ் ஆஃப் தி ஆர்ட்ஸ் என்ற புதிய கல்லூரி உருவானபோது அதன் அடித்தளமாகக் கேலரிப் பள்ளியை அதனோடு இணைத்தார்கள். கடைசியாகப் பள்ளிக்குத் தலைமை தாங்கிய சிற்பி லென்டன் பார் கல்லூரியின் முதல் டைரக்டர் ஆனார். அந்தக் கல்லூரி பின்னர் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் பகுதியாகிவிட்டது. பள்ளி எங்கே என்ற கேள்விக்கு அதுதான் பதில்: கேலரிக்குப் பின்பக்கம், நடந்துபோகும் தூரத்தில், வேறு பெயரில், வேறு நிர்வாகத்தில்.

இந்தப் போக்கு மெல்போர்னுக்கு மட்டும் நடந்ததல்ல. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1876-ல் தொடங்கிய பள்ளி 2016-ல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது. வாஷிங்டனில் கார்கரன் கேலரியும் அதன் பள்ளியும் 2014-ல் ஒரேயடியாகக் கலைக்கப்பட்டன. பள்ளி ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு, படங்களில் பெரும்பகுதி அங்குள்ள தேசிய ஓவியக்கூடத்துக்கு. பட்டம் கொடுப்பதற்கு வேண்டிய ஏற்பாடுகளும் செலவும் ஒரு கேலரி தாங்கக்கூடியவை அல்ல என்பது முக்கியக் காரணம். பெரிய அளவில் இன்னும் கேலரியும் பள்ளியும் ஒரே நிறுவனமாக ஓடுவது சிகாகோவில்தான். அங்கே கேலரிக்கு ஒரு தலைவர், பள்ளிக்கு ஒரு தலைவர்.